பழைய மேய்ச்சல் கொல்லையில் உழாமல் விதைக்கிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆடு மாடு மேய்ந்தபடியே பல வருஷம் கிடந்த மேட்டுக் கொல்லைகள் நிறைய. அதில் டிராக்டர் விடாமல் நேரே விதை ஊன்றலாமா என்றால், ஊன்றலாம். சரிவான செம்மண்ணை உழுதுபோட்ட பிறகு ஒரு கனமழை பெய்தால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது புல்வேர். பயிரோடு பங்குக்கு நிற்பதும் அதே வேர்தான்.

மாடு ஒட்ட மேய்ந்த தரையைப் பார்த்து, புல் செத்துவிட்டது என்று பலர் ஏமாறுகிறார்கள். களைக்கொத்தால் ஒரு சாண் கொத்திப் பாருங்கள். வெள்ளையாக, கணுக்கணுவாகத் தண்டு ஓடினால் அருகு. சிறு கொட்டைகளைக் கோத்ததுபோல் வந்தால் கோரை. மேலே அறுத்துவிட்டால் இரண்டும் அடங்காது. மழை விழுந்த வேகத்தில் பயிரை முந்திக்கொண்டு நிற்கும். அந்தத் துண்டு நிலத்தை மட்டும் கோடையில் உழுது வேரை வெயிலில் காய விடுங்கள். வீம்புக்கு உழாமல் இருந்து என்ன லாபம்? கொழுக்கட்டைப் புல் மாதிரி குத்துக் குத்தாக நிற்பது என்றால் சரி, விதைக்கும் வரிசையில் மட்டும் பெயர்த்துவிடலாம்.

நம் ஊரில் கை முதலில் ராகிக்குத்தான் போகும். நானும் அதைத்தான் போட்டேன். பொடி விதை பாதி சருகிலேயே தங்கிவிட்டது. முளைத்ததும் மஞ்சளாகவே நின்றது. காய்ந்த புல்லும் வேரும் மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அப்புறம்தான் உறைத்தது. முதல் வருஷம் கொள்ளு போதும். வேர் முடிச்சு இருப்பதால் தழைச்சத்துக்குப் பெரிதாகத் திண்டாடாது. ஏக்கருக்கு 8 கிலோ, ரைசோபியம் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து, வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விட்டு ஊன்றுங்கள். பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 2 நம் மண்ணுக்கென்றே வந்த ரகம்.

முதல் தூறலுக்கே ஓட வேண்டாம். புரட்டாசி மழையில் நனைந்து, குளம்படி பட்டு இறுகிய தரையில் கொத்து தடையில்லாமல் இறங்கட்டும். விதை போட்டு மண் தள்ளியதும் குதிகாலால் ஒரு மிதி. மிதிக்காத குழியில் காற்று புகுந்து முளை வாடிவிடும். கொத்தும்போது வளைந்து கிடக்கும் வெள்ளை வேர்ப்புழு அடிக்கடி கண்ணில் பட்டால், அடுத்த வருஷம் நிலக்கடலை என்ற எண்ணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம் ஆடு. வருஷக்கணக்கில் மேய்ந்த இடம். நீங்கள் விதைத்தது அதற்குத் தெரியாது. மேய்ப்பவர்களிடம் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டு, வண்டிப்பாதைப் பக்கமாவது இலந்தை முள்ளை வெட்டிப் போடுங்கள்.