ஃபேமிலி க்ரூஸுக்கு பிரீமியம் விலை கொடுக்கலாமா? புக் பண்றதுக்கு முன்னாடி இப்படிக் கணக்கு போட்டுப் பாருங்க

குழந்தைங்களோட க்ரூஸ் போகணும்னு தேட ஆரம்பிச்சா முதல்ல குழப்புறது விலைதான். அதே ஏழு ராத்திரி, அதே கடல், பல சமயம் போற ஊர்கூட ஒண்ணுதான், ஆனா ஒரு கப்பலோட விலைய 100னு வெச்சுக்கிட்டா இன்னொரு கப்பல்ல 190, 200னு இருக்கும். அந்த எக்ஸ்ட்ரா காசுக்கு என்னதான் தர்றாங்கன்னு எந்த விளம்பரத்தப் பார்த்தாலும் புரியாது, எல்லாக் கப்பலும் சிரிக்கிற குழந்தை போட்டோவும் தண்ணி சறுக்கும்தான் காட்டுறாங்க.

நாங்க ரெண்டு விதமாவும் போயிருக்கோம். பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது நல்லா விலை கொடுத்து ஒரு பிரீமியம் கப்பல், ரெண்டு வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட அதுல பாதி விலையில ஒரு சாதா பெரிய கப்பல். ரெண்டையும் வெச்சுப் பார்த்தா எனக்குத் தெளிவா புரிஞ்சது ஒண்ணுதான், கொடுத்த காசுக்கு வொர்த்தா இல்லையாங்கிறத கப்பல் முடிவு பண்றதில்ல, அந்த வருஷம் உங்க குழந்தைக்கு என்ன வயசுங்கிறதுதான் முடிவு பண்ணுது. அதனால கப்பலப் பார்க்குறதுக்கு முன்னாடி வயசப் பாருங்க.

மூணு வயசுக்குக் கீழ ஒரு குழந்தை இருந்தா பிரீமியம் பத்தி யோசிக்கவே வேண்டாம்னு நான் சொல்வேன். ஏன்னா நீங்க கூடுதலா கொடுக்கிற காசோட பலன்ல கிட்ஸ் கிளப் (கப்பல் ஆளுங்களே குழந்தைங்களப் பார்த்துக்கிட்டு விளையாட வைக்கிற இடம்) முக்கியமான ஒண்ணு, அந்த கிளப் பெரும்பாலான கம்பெனிகள்ல மூணு வயசுல இருந்துதான், அதுவும் டாய்லெட் பழக்கம் முழுசா வந்திருக்கணும். அதுக்குக் கீழ உள்ளதுகளுக்கு நர்சரி இருக்கும், ஆனா மணிக்கணக்குல தனிக் காசு, இடமும் கம்மி, கப்பல் ஏறினப்புறம் கேட்டா கிடைக்காது. பிரீமியம் விலை வாங்குற டிஸ்னி க்ரூஸ் கம்பெனியிலகூட ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் நர்சரிக்கு தனி பில்தான்.

இன்னொண்ணு யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல, நீச்சல் குளம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்து போற கப்பல்களுக்கு அந்த நாட்டு நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி-யோட வெசல் சானிடேஷன் ப்ரோக்ராம்னு சுகாதார விதிகள் இருக்கு, அதுபடி டயபர் போடுற குழந்தை சாதாரண குளத்துல இறங்கக் கூடாது, ஸ்விம் டயபரா இருந்தாலும் சரி. அதுங்களுக்குன்னே தனியா அமைச்ச சின்ன ஸ்ப்ளாஷ் ஏரியாவுல மட்டும்தான் விளையாடலாம். எனக்கு இது தெரியாது. முதல் நாள் மத்தியானம் சின்னவனுக்கு புது ஸ்விம் டிரஸ் மாட்டி, கையில சிவப்பு வாளியோட குளத்துப் படி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டேன், ஒரு கால தண்ணியில வெச்சுட்டான், அங்க நின்ன பொண்ணு மெதுவா வந்து மண்டி போட்டு உட்கார்ந்து அவன்கிட்டயே சாரி சொன்னா. அக்கா உள்ள குதிச்சு விளையாடுறா, இவன் அந்த வாளிய கெட்டியாப் புடிச்சுக்கிட்டு என் முகத்தப் பார்க்குறான். அந்த வாரம் முழுக்க நானும் வீட்டுக்காரரும் ஆளுக்குப் பாதி நாள் அவனோட கேபின்லயும், கையளவு ஸ்ப்ளாஷ் ஏரியாவுலயும்தான் இருந்தோம், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஷோ பார்க்கல. அந்தப் பொண்ணு மேலயோ கப்பல் மேலயோ தப்பே இல்ல, தப்பான வயசுல நான் அந்தக் காசைக் கொடுத்துட்டேன்.

நாலுல இருந்து பத்து வயசு வரைக்கும்தான் பிரீமியம் காசு நின்னு பேசும். கிளப்புல விடலாம், குளத்துல இறங்கலாம், மிக்கி வேஷம் போட்டு ஒருத்தர் நடந்து வந்தா நிஜம்னு நம்புற வயசு. பதினொண்ணு பன்னெண்டு தாண்டிட்டா சறுக்கு, சர்ஃபிங் மெஷின், புது ஃப்ரெண்ட்ஸ், ராத்திரி லேட்டா சுத்துறது, இதுதான் வேணும், அதெல்லாம் சாதா பெரிய கப்பல்லயே தாராளமா இருக்கு. ராயல் கரீபியன்ங்கிற சாதா க்ரூஸ் கம்பெனியோட ஐகான் ஆஃப் த சீஸ் கப்பல்ல ஏழு நீச்சல் குளம், ஆறு தண்ணி சறுக்கு. அந்த வயசுப் பிள்ளைக்கு அது போதும்.

சரி, வயசு ஒத்து வருது. அடுத்தது விலைய நேர்மையா ஒப்பிடணும். டிக்கெட் விலைய டிக்கெட் விலையோட ஒப்பிடாதீங்க, கடைசி நாள் ராத்திரி வர்ற மொத்த பில்லை மொத்த பில்லோட ஒப்பிடுங்க. ஒரு ஷீட் திறந்து ரெண்டு கப்பலுக்கும் ரெண்டு வரிசை போடுங்க. டிக்கெட், வரியும் துறைமுகக் கட்டணமும் (இது குழந்தைக்கும் உண்டு), தினசரி டிப்ஸ், வைஃபை, கூல் டிரிங்க்ஸ், தனிக் காசு வாங்குற ரெஸ்டாரன்ட், தீவுல இறங்கினா அங்க ஆகுற செலவு. டிப்ஸ சாதாரணமா நினைக்காதீங்க, மூணு நாலு வயசுக் குழந்தைக்கும் பெரியவங்க அளவே போடுற கம்பெனிங்க நிறைய, நாலு பேர் ஏழு ராத்திரின்னா 28 டிப்ஸ்.

இதைப் போட்டு முடிச்சா வித்தியாசம் சுருங்கும். டிஸ்னியில சாப்பாட்டோடவும் டெக்ல இருக்கிற மெஷின்லயும் கூல் டிரிங்க்ஸ் டிக்கெட்லயே அடக்கம், நிறைய சாதா கப்பல்கள்ல அதுக்கு பேக்கேஜ் வாங்கணும். ராயல் கரீபியன்ல கிட்ஸ் கிளப் பகல் முழுக்க ஃப்ரீ, ராத்திரி பத்து மணிக்கு மேல மணிக்கணக்கு சார்ஜ். அவங்களோட கோகோகேங்கிற தீவுல மத்தியான சாப்பாடு அடக்கம், ஆனா பெரிய வாட்டர் பார்க்குக்குத் தனி டிக்கெட், அது நாலு பேருக்குச் சேர்ந்தா சின்னத் தொகை இல்ல. எங்க ஷீட்ல 100க்கு 190னு ஆரம்பிச்சது கடைசியில 138க்கு 222னு வந்து நின்னுச்சு. அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு பயந்தது உண்மையில 1.6 மடங்குதான். இன்னமும் பெரிய வித்தியாசம்தான், ஆனா வேற கேள்வி ஆயிடுச்சு.

"குழந்தைங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ"ன்னு போட்டிருந்தா நல்லா படிச்சுப் பாருங்க. ஒரு கேபின்ல முதல் ரெண்டு பேர் முழு விலை, மூணாவது நாலாவது ஆளுக்குத்தான் சலுகை, இதுதான் க்ரூஸ் உலகத்துல பொதுவான வழக்கம். அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் மட்டும் ஒரு குழந்தையோட போனா அந்தக் குழந்தை ரெண்டாவது ஆள், முழு விலை கட்டணும். தனியா குழந்தை வளர்க்குற என் தோழி ஒருத்தி இந்த ஃப்ரீய நம்பி லீவெல்லாம் போட்டுட்டு பேமென்ட் பக்கத்துல வந்து பார்த்து அப்படியே உட்கார்ந்துட்டா, எனக்கே மனசு கஷ்டமாப் போச்சு.

இப்போ அந்த 1.6 மடங்குக்கு என்ன கிடைக்குதுன்னு பார்ப்போம். எல்லாரும் முதல்ல சொல்றது இட வசதி, கூட்டம் கம்மின்னு. இதை நீங்களே கணக்கு போட்டுப் பார்க்கலாம், கப்பலோட கிராஸ் டன்னேஜை (அது எடை இல்ல, உள்ள இருக்கிற இடத்தோட அளவு) பயணிகள் எண்ணிக்கையால வகுத்தா ஆளுக்கு எவ்வளவு இடம்னு வரும். 2022ல வந்த டிஸ்னி விஷ் சுமார் 1,44,000 டன், 1,254 கேபின், கேபினுக்கு ரெண்டு பேர்னு வெச்சா 2,508 பேர், ஆளுக்கு 57. 2024ல வந்த ஐகான் ஆஃப் த சீஸ் சுமார் 2,48,600 டன், அதே முறையில 5,610 பேர், ஆளுக்கு 44. பார்த்தா டிஸ்னி எங்கேயோ இருக்கு. ஆனா ஃபேமிலி கப்பல்ல யாரு கேபினுக்கு ரெண்டு பேரோட போறாங்க? ஸ்கூல் லீவுல எல்லா பெட்டும் நிரம்பினா விஷ்ல 4,000 பேர், ஐகான்ல 7,600 பேர். இப்போ வகுங்க, 36, 33. அவ்ளோதான் வித்தியாசம். லீவு சீசன்ல இட வசதிக்காகன்னு பிரீமியம் கொடுக்கிறது வீண்னு நான் சொல்றது இதனாலதான்.

ஆனா ஆட்கள் கணக்கு வேற. விஷ்ல 1,555 ஊழியர்கள், ஐகான்ல 2,350. கப்பல் நிரம்பி இருந்தாலும் முதல்ல ஒரு ஊழியருக்கு 2.6 பயணி, ரெண்டாவதுல 3.2. நீங்க உண்மையில வாங்குறது இந்த வித்தியாசத்ததான். எங்க முதல் பயணத்துல முதல் நாள் ராத்திரி சின்னவன் கிளாஸ கவுத்துட்டான், பெரியவ பழத்துல இருந்த தோல எல்லாம் பிச்சு ஓரமா வெச்சா. மறுநாள் நாங்க உட்காருறதுக்கு முன்னாடியே டேபிள்ல மூடி போட்ட டம்ளர், தோல் சீவி நறுக்கின பழம், ரெண்டு பேரோட பேரையும் சொல்லிக் கூப்பிடுறாரு அந்த சர்வர். சாதா கப்பல்ல அப்படி எதிர்பார்க்க முடியாது, அங்க உள்ளவங்களும் நல்லவங்கதான், பாவம் அவங்களுக்கு டேபிள் அதிகம். டிஸ்னியில ஒவ்வொரு ராத்திரியும் வேற ரெஸ்டாரன்ட்டுக்கு மாறினாலும் சர்வர்கள் உங்களோடவே மாறி வருவாங்க, அது அவங்க வேணும்னே வெச்சிருக்கிற முறை. கேபின்லயும் பெரும்பாலும் டாய்லெட் தனி, குளிக்கிற இடம் தனி, ரெண்டுலயும் வாஷ் பேசின். நாலு பேர் ஒரே நேரத்துல டின்னருக்குக் கிளம்பினா இதோட அருமை தெரியும். கேசினோவும் கிடையாது. இதெல்லாம் உங்களுக்கு முக்கியமா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்.

ஒரு வார்த்தையில ஏமாந்துடாதீங்க. க்ரூஸ் தொழில்ல "பிரீமியம்"ங்கிறது ஒரு தரப் பிரிவு, செலிபிரிட்டி, பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா இதெல்லாம் அந்தப் பிரிவுலதான் சொல்வாங்க. நல்ல கப்பல்கள்தான், ஆனா வயசானவங்க அதிகம் போற அமைதியான கப்பல்கள், சின்னப் பிள்ளைங்களுக்கு வேலை கம்மி. பிரீமியம்னாலே குழந்தைக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்ல.

முடிவு பண்ணதுக்கு அப்புறம் விலையக் குறைக்கிற வழிகள். தேதிதான் பெரிய ஆயுதம், அதே கப்பல் அதே கேபின் ஸ்கூல் லீவு வாரத்துல ஒன்றரை மடங்கு, சில சமயம் ரெண்டு மடங்குகூட ஆகுது, ஸ்கூல்ல நாலஞ்சு நாள் லீவு கேட்க முடிஞ்சா கேளுங்க. அதே கம்பெனியோட பழைய கப்பலப் பாருங்க, டிஸ்னி மேஜிக் 1998, வொண்டர் 1999, புதுக் கப்பல் மாதிரி பளபளப்பு இல்லன்னாலும் அதே சர்வீஸ், விலை பொதுவா கம்மி. ஜன்னல் இல்லாத உள் கேபின் எடுங்க, பிரீமியம் கப்பல்ல நீங்க காசு கொடுக்கிறது கேபினுக்கு வெளிய நடக்கிறதுக்கு, பால்கனியில உட்கார குழந்தைங்க விடப் போறதில்ல. மூணு ராத்திரி பயணம் மலிவாத் தெரியும், ஆனா முதல் நாள் மத்தியானம் ஏறி கடைசி நாள் காலையிலயே இறங்கணும், முழுசாக் கிடைக்கிறது ரெண்டே நாள், மொத்தத்த ராத்திரி எண்ணிக்கையால வகுத்தா பல சமயம் ஏழு ராத்திரிய விட அதிகமா வரும்.

அதே மாதிரி ரூட்டைப் பாருங்க. தினமும் ஒரு ஊர்ல இறங்குற பயணம்னா காலையில இறங்கி சாயங்காலம் களைச்சு வந்து தூங்கப் போறீங்க, கப்பல்ல இருக்கிற எதையும் அனுபவிக்க மாட்டீங்க, அதுக்கு சாதா கப்பல் போதும். ரெண்டு மூணு நாள் கடல்லயே ஓடுற ரூட்டுக்குத்தான் பிரீமியம்.

எப்போ புக் பண்றதுங்கிறதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிஸ்னியில பொதுவா ஒரு பயணத்துக்கு புக்கிங் திறந்த உடனே கிடைக்கிற விலைதான் குறைச்சல், கப்பல் நிரம்ப நிரம்ப ஏறும். ஒரு தடவை கப்பல்ல இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு முன்பதிவு போட்டு வெச்சா பெரும்பாலான தேதிகளுக்கு 10 சதவீதம் தள்ளுபடியும் கிடைக்கும். மத்த கம்பெனிகள்ல விலை ஏறி இறங்கிட்டே இருக்கும், ஃபைனல் பேமென்ட் தேதிக்கு முன்னாடி விலை குறைஞ்சா பல இடங்கள்ல அந்தக் குறைஞ்ச விலைக்கு மாத்திக் கேட்கலாம், அதனால புக் பண்ணிட்டு மறந்துடாதீங்க, வாரம் ஒரு தடவை பாருங்க. டெபாசிட் திரும்ப வருமா வராதான்னு கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, கொஞ்சம் மலிவான டிக்கெட்ல பெரும்பாலும் திரும்ப வராது.

எங்க ரெண்டாவது பயணம், அந்தப் பாதி விலைக் கப்பல், சின்னவனுக்கு நாலு வயசு. கிளப் வாசல்ல அவன விட்டா திரும்பிக்கூட பார்க்கல. கூட்டம் இருந்துச்சு, லிஃப்ட்டுக்கு நின்னோம், டின்னர்ல சர்வர் மாறி மாறி வந்தாங்க, ஆனா அஞ்சு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் கைகோத்து டெக்ல நடந்தோம், முதல் பயணத்துல ஒரு ராத்திரிகூட அது நடக்கல.

இப்போ பெரியவளுக்குப் பதினொண்ணு, சின்னவனுக்கு ஏழு. மறுபடியும் அதே ஷீட்டத் திறந்திருக்கேன். அவனுக்கு இன்னும் மூணு வருஷம்தான் அந்த வயசு இருக்கு, அவளுக்குப் பெரிய பிள்ளைங்களோட கிளப் வயசு ஆரம்பிக்குது, அதனால இந்தத் தடவை பிரீமியம்தான்னு முடிவு பண்ணியிருக்கோம், லீவு சீசன் இல்லாத வாரம், பழைய கப்பல், உள் கேபின், ரெண்டு நாள் முழுசா கடல். மொத்தம் போட்டுப் பார்த்தா சாதா கப்பலோட பால்கனி கேபின் விலையத் தாண்டி 15 சதவீதம்தான் அதிகம். டெபாசிட் திரும்ப வர்ற டிக்கெட்டா எடுத்து வெச்சாச்சு. ஸ்கூல்ல லீவு கேட்கிற லெட்டர் மட்டும் இன்னும் எழுதணும்.