கெண்டை பிடிக்க முதல் தூண்டில்: முள்ளிலிருந்து தொடங்குங்கள்

கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் முதலில் கம்பைத்தான் எடுத்து ஆட்டிப் பார்ப்போம். நானும் அப்படித்தான் போய், கடைக்காரர் "பெரிய மீனே தாங்கும்" என்று சொன்னதை நம்பி ஒன்றை வாங்கி வந்தேன். அது கடலில் பாறை மீனுக்கு வீசுகிற கம்பு, உலக்கை மாதிரி விறைப்பாக இருந்தது. ஏரியில் ரோகு கொத்துவது நுனியில் தெரியவே இல்லை, மாட்டிய ஒன்றிரண்டும் உதடு கிழிந்து தப்பிவிட்டன. அதனால் நான் சொல்லும் வரிசை தலைகீழ்: மீன், முள், தூண்டில் நரம்பு, அதைச் சுற்றும் ரீல், கடைசியில் கம்பு.

முதலில் மீன். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்மட்டத்தில்தான் மேயும், அதற்குத் தக்கை போட்ட தூண்டில் வேண்டும். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலும் சாதா கெண்டையும் (1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த இனம் இது) அடிமண்ணைக் கிளறித் தின்னும், அவற்றுக்கு ஈயக்குண்டு கட்டித் தரையில் கிடத்த வேண்டும். உங்கள் ஏரியில் என்ன விட்டிருக்கிறார்கள் என்று குத்தகைக்காரரிடம் கேளுங்கள், எப்படியும் அனுமதி கேட்க அவரிடம் போகத்தானே வேண்டும்.

சரி, முள். இதில் எண் பெரிதானால் முள் சிறிது, புதியவர்கள் பாதிப்பேர் இங்கேதான் குழம்புவார்கள். ஒன்று, இரண்டு கிலோ மீனுக்கு 6 அல்லது 8 போதும். முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கல், பிடித்து நின்றால் நல்ல முள். கெண்டைக்குத் தொண்டையில்தான் பல் உண்டு, வாயில் கிடையாது, எனவே கடைக்காரர் கம்பி லீடர் (பல்லுள்ள மீன் நரம்பைக் கடித்து அறுக்காமலிருக்க முள்ளுக்கு முன்னால் கட்டும் கம்பி) எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நரம்பு சாதாரண நைலான், 0.30 மில்லிமீட்டர், ஏறக்குறைய 6 கிலோ தாங்குவது. பின்னல் நரம்பு மெலிதாகவும் பலமாகவும் இருக்கும், ஆனால் இழுபடாது. மீன் திடீரென்று பாயும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் உதட்டில் இறங்கும். நைலான் வெயிலில் கெடும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈயக்குண்டு 30 முதல் 40 கிராம், நடுவில் ஓட்டை உள்ளதாக வாங்கி, நரம்பில் ஓடும்படி கோத்துவிடுங்கள், அப்போதுதான் மீனுக்குப் பாரம் தெரியாமல் இரையை இழுக்கும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்கிக்கொள்ளுங்கள், உலர்ந்த நரம்பு உரசிச் சூடாகிப் பலம் போய்விடும்.

ரீலுக்கு 4000 அளவு போதும். எத்தனை பேரிங் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) வழுக்கலாக, திக்கித் திணறாமல் நரம்பு விடுகிறதா என்பதுதான் முக்கியம். வீட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டி, ரீலிலிருந்து நேராகத் தொங்கவிடுங்கள். பாட்டில் மெதுவாக இறங்கும் அளவுக்கு டிராக்கைத் திருகி வையுங்கள். அது 6 கிலோ நரம்பின் தாங்கும் பலத்தில் கால் பங்கு, தொடங்க அது போதும்.

இப்போது கம்பு. இங்கிலாந்தில் கெண்டைக்கு 12 அடிக் கம்பு வழக்கம், பெரிய ஏரியில் தூரமாக வீச வேண்டிய தேவை அவர்களுக்கு. நம் கரையோர மரக்கிளைகளுக்கு அடியில் 12 அடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 8 அல்லது 9 அடி, வீசும் எடை 20 முதல் 60 கிராம் என்று போட்டதாகப் பாருங்கள். கடைக்காரரை நுனியைப் பிடிக்கச் சொல்லி நீங்கள் தூக்குங்கள், நுனியிலிருந்து நடு வரை வில்லாக வளைய வேண்டும்.

இரைக்கு மைதாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையே போதும், கரையாமலிருக்கக் கொஞ்சம் பஞ்சு சேருங்கள். மீன் கரைக்கு வந்தபின் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் இருக்க ஒரு கைவலை கட்டாயம் வேண்டும்.

அப்புறம், கம்பை நிறுத்தும் தாங்கியும் ஒரு மணியும். மணி அடிக்கும்வரை டிராக்கைத் தளர்த்தியே வையுங்கள். நான் இறுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன அன்று, திரும்பி வந்தபோது கம்பு ஏரிக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது.