படம் முடிந்ததும் ஐந்து நிமிடம்: வரைய வருபவர்களுக்கு ஒரு குறிப்பு நோட்டு

திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை வாட்டர்கலரில் வரைய ஆரம்பித்த முதல் கோடையில் பதினோரு படம் போட்டேன், அதில் எட்டு கெட்டுப்போனது. வானத்துக்கு வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) இழுக்கும்போதே பாதியில் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். நமக்குக் கை வராது என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் குறிப்பு நோட்டைப் புரட்டினால், கெட்ட எட்டும் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தவை, தேறிய மூன்றும் ஏழு மணிக்கு முன்பு. சித்திரை வெயிலிலும் ஆற்றங்கரைக் காற்றிலும் தாள் காய்கிற வேகத்துக்கு என் பிரஷ் ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். அந்த நோட்டு இல்லாவிட்டால் வரைவதையே விட்டிருப்பேன். அதனால்தான் புதிதாக வரைய வருகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன்.

முதலில் நோட்டு. கோடு போட்ட எண்பது பக்க நோட்டு போதும், அழகான நோட்டு வாங்கினால் எழுதவே கை கூசும்.

அடுத்து, வரைய உட்காரும் முன் தேதி, மணி, இடம், வெயிலா மேகமா, என்ன தாள் என்று எழுதுங்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி. திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் வீரபத்திரர் சிலை செதுக்கிய தூணுக்கு முன்னால் உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பார்க்க அவ்வளவு இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கப் போனால் ஒன்றும் தேறாது. “தூக்கிய கைக்குக் கீழே நிழல் எங்கே முடிகிறது?” என்று எழுதிவிட்டுப் பென்சிலை எடுங்கள். முகம் கோணலாக வந்தாலும் நிழலுக்குப் பதில் கிடைத்துவிட்டால் அது உருப்படியான நாள்தான்.

வரையும்போது எழுத வேண்டாம். எங்கேயாவது முட்டி நின்றால் மணியை மட்டும் ஓரத்தில் குறித்துவிட்டுத் தொடருங்கள்.

முடித்ததும் ஐந்து நிமிடம், பிரஷைக் கழுவும் முன்பே எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் நடக்காது. இங்கே ஒரு கண்டிப்பு: “நல்லா வரலை” என்று எழுதக்கூடாது. அதை வைத்துக்கொண்டு நாளைக்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? “படித்துறை நிழலில் நீலம் ஈரமாக இருக்கும்போதே பழுப்பைத் தொட்டேன், சேறாகிவிட்டது” என்று நடந்ததை எழுதினால், நாளைக்குக் காயும்வரை பொறுக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கடைசி வரியில் நாளைய முதல் வேலை. “இடது பக்க மருத மரத்தில் ஆரம்பிக்க வேண்டும்” என்கிற மாதிரி சின்னதாக இருந்தால் போதும், காலையில் வெறும் தாளை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

படத்தை ஒரு வாரம் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். வரைந்த அன்றைக்குக் கண் படத்தைப் பார்க்காது, பட்ட பாட்டைத்தான் பார்க்கும்.

சரி, வரையாத நாளுக்கு? அதற்கும் ஒரு வரி உண்டு. பத்தமடையில் மெல்லிய பாய்க்கு வகிர்ந்த கோரையை ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அதுவும் நெசவு வேலையில் சேர்ந்ததுதான். அதை நினைத்து, எதையாவது பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த நாளில் “ஊறல்” என்று எழுதி, என்ன பார்த்தேன் என்பதைக் குறிப்பேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஏழு வாரம் அதுகூட எழுதவில்லை, ஆற்றுப் பக்கம் போகவே மனசு வரவில்லை. விட்ட நாள்களை உட்கார்ந்து நிரப்பாதீர்கள், அன்றைய தேதி போட்டு ஆரம்பியுங்கள். பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1822ல் நாட்குறிப்பு தொடங்கி 1824ல் விட்டவர், 1847ல்தான் மறுபடி எடுத்தார், இறந்த 1863 வரை எழுதினார்.

மாதக் கடைசி ஞாயிறன்று மொத்தத்தையும் படியுங்கள். முட்டி நின்ற இடங்களுக்குச் சிவப்புக் கோடு, பதில் கிடைத்த கேள்விகளுக்குப் பச்சை. ஒரே சிக்கல் மூன்று தடவை வந்திருந்தால் அடுத்த மாதம் அதற்காக ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டை மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. நான் நேரத்தை மட்டும் மாற்றினேன், தாளும் பிரஷும் பழையதுதான். காலை ஆறரைக்குப் படித்துறையில் உட்கார்ந்த அன்று வானம் முழுக்க ஒரே வாஷில் இறங்கியது, அந்தப் பக்கத்தில் பச்சைக் கோட்டை இரண்டு தடவை அழுத்திப் போட்டிருக்கிறேன்.