பிக்கப்பின் பின்னால் கூடுதல் லைட்: எர்த்தில் கோட்டை விடாதீர்கள்

குளச்சல், தேங்காப்பட்டணம் துறைமுகங்களுக்கு இருட்டோடு மீன் ஏற்ற வருகிற பிக்கப்காரர்களுக்குக் கம்பெனி கொடுத்த ரிவர்ஸ் லைட் போதாது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வண்டியைப் பின்னால் எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். அதனால் பின்னால் இரண்டு லைட் கூடுதலாக மாட்டிக்கொள்கிறார்கள். வேலை சின்னதுதான். ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள் மாட்டிவிடும் வண்டிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நாங்கள் தொழில் படித்த காலத்துப் பிழைகள் அப்படியே இருக்கின்றன. பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அது உடனே தெரிந்துவிடும். மாட்டும்போது நன்றாக எரிந்துவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கழுத்தை அறுப்பவற்றைத்தான் சொல்கிறேன்.

ரிவர்ஸ் ஒயரில் நேராகத் தட்டுவது

கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச் 21 வாட் பல்பு ஒன்றையோ இரண்டையோ எரிய வைக்கத்தான் செய்யப்பட்டது. இரண்டு பல்பு என்றாலும் மூன்றரை ஆம்பியர் சுமார். அதே ஒயரில் 55 வாட் ஹாலஜன் இரண்டைச் சேர்த்தால் இன்னும் 9 ஆம்பியர் ஏறும். ஃபியூஸ் போனால் தப்பித்தீர்கள். போகிற ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸ் போட்டால் சுவிட்சும் ஒயரும் வேகும்.

ரிலே போடுங்கள். சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச் அது, கீழே வரும் எண்கள் அதன் கால்களில் எழுதியிருப்பவை. ரிவர்ஸ் ஒயரை 86-க்குக் கொடுத்து 85-ஐ எர்த் செய்யுங்கள், அதாவது கரண்ட் வண்டி இரும்பு வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும்படி கொடுங்கள். பேட்டரியிலிருந்து வரும் லைன் 30-க்கு, லைட்டுக்குப் போவது 87-க்கு. எல்இடி என்றால் ஆம்பியர் குறைவுதான், ஆனாலும் ரிலேயை விடாதீர்கள். நாளைக்கு அந்த ஓனர் பெரிய லைட்டாக வாங்கிக்கொண்டு வருவார்.

ஃபியூஸ்

பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள். லைட்டுக்குப் பக்கத்தில் போட்டால் இடையில் இருக்கும் ஒயரை யார் காப்பாற்றுவது?

எர்த்

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பாசிட்டிவ் ஒயருக்கு நல்ல கம்பெனி, நல்ல கனம், ஸ்லீவ் எல்லாம் பார்த்துப் பார்த்துப் போடுகிற பையன், எர்த் என்று வரும்போது பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் சுற்றிவிடுகிறான். பெரும்பாலும் அது பழைய டெயில் லைட்டின் மெல்லிய கறுப்பு ஒயராக இருக்கும். இல்லையென்றால் பின் பாடியின் ஏதோ ஒரு போல்ட். போகிற கரண்ட் எவ்வளவோ அவ்வளவும் திரும்பி வந்தாக வேண்டும் என்பதை ஏன் மறக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தேங்காப்பட்டணத்தில் மீன் ஏற்றுகிற ஒரு வண்டி வந்தது. "அண்ணாச்சி, பிரேக்க மிதிச்சா டேஷ்போர்டு லைட்டு மினுங்குது, என்னண்ணு தெரியல்ல" என்றார் டிரைவர். லைட் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது, ஆனாலும் பிரேக்கை மிதித்தால் மீட்டர் விளக்கு மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே துடிக்கிறது. என்னிடம் வருமுன் பல்பு மாற்றியிருந்தார்கள், ஃபிளாஷர் மாற்றியிருந்தார்கள், பிரேக் சுவிட்ச் மாற்றியிருந்தார்கள், கடைசியில் ஸ்டியரிங் அடியில் இருக்கும் காம்பினேஷன் சுவிட்சையும் புதிதாகப் போட்டிருந்தார்கள். பழையது ஒன்றிலும் கோளாறு கிடையாது. காசு போனதோடு லோடும் போயிற்று. மீன் காத்திருக்குமா?

நடந்தது இதுதான். கூடுதல் லைட் இரண்டையும் டெயில் லைட்டின் எர்த்தோடு சேர்த்து, அந்த ஒரே லக்கை (ஒயர் முனையில் போல்ட்டுக்காக இருக்கும் வளையம்) பின் பாடியில் முறுக்கியிருந்தார்கள். லக்கைக் கழற்றினால் அடியில் வட்டமாகப் பெயிண்ட் அப்படியே பளபளக்கிறது, சுரண்டவே இல்லை. போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் தொடர்பு. அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. ஒயரை வளைத்ததும் உள்ளே செம்பு கறுத்து, நார் நாராக ஒடிந்து விழுந்தது. ஐஸ் உருகி வடியும் மீன் தண்ணீர், கடல் காற்று, வருஷத்தில் இரண்டு பருவமழை: நம் குமரி மாவட்டத்து வண்டிக்கு இவ்வளவும் உண்டு.

எர்த் அடைபட்டால் கரண்ட் சும்மா நிற்காது. மடை அடைத்த வாய்க்கால் பக்கத்து வயலில் பாய்வது போல, பிரேக் பல்பின் கரண்ட் டெயில் பல்பு வழியாகப் பின்வாங்கி பார்க்கிங் லைனில் ஏறி, டேஷ்போர்டு விளக்கு வழியாக எர்த்தைத் தேடிப் போகிறது. ஒரு லைட்டைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று எரிகிறதா? பொருள் மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்.

பார்க்கிற முறையும் முக்கியம். மல்டிமீட்டரை பீப்பில் (தொடர்பு இருந்தால் சத்தம் போடும் நிலையில்) வைத்து, சத்தம் வந்ததும் "எர்த் ஓகே" என்று எழுந்துவிடாதீர்கள். ஒற்றை நார் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் வரும், ஆனால் அந்த நார் 9 ஆம்பியரைத் தாங்காது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை லைட்டின் எர்த் ஒயரில். நீள ஒயர் ஒன்று தேவைப்படும். லைட்டை எரியவிட்டு அளக்க வேண்டும், அணைத்துவிட்டு அளந்தால் பயனில்லை. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அந்த வண்டியில் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

செய்ய வேண்டியது: கூடுதல் லைட்டுக்குத் தனி எர்த், பாசிட்டிவ் ஒயரின் அதே கனத்தில். பின் பாடி வேண்டாம், அதை ரப்பரோ கட்டையோ வைத்துத்தான் பல வண்டிகளில் உட்கார வைத்திருக்கிறார்கள், சேசிஸோடு நல்ல தொடர்பு இருக்காது. எர்த்தை சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) கொடுங்கள். உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேயுங்கள், பல் வாஷர் வைத்து முறுக்குங்கள், அதற்குப் பிறகு மேலே கிரீஸோ பெயிண்டோ பூசுங்கள். முதலில் பூசிவிட்டு அப்புறம் முறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜாயிண்டில் வெறும் டேப்

வேண்டவே வேண்டாம். உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் குழாய்) போடுங்கள்.

ஒயர் போகும் வழி

சைலன்சர், ஜாயிண்ட் ஷாஃப்ட், பட்டை ஸ்பிரிங் மூன்றிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோங்கள். வெறும் வண்டியில் பார்த்தால் ஸ்பிரிங்குக்கும் ஒயருக்கும் இடைவெளி தாராளமாகத் தெரியும், லோடு ஏறினால் அது இருக்காது. லோடு ஏற்றி ஒருமுறை குனிந்து பாருங்கள். ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்) இல்லாமல் விடாதீர்கள்.

தனி சுவிட்ச் போட்டு ஓடும்போது எரியவிடுவது

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ஆம் விதி, பின்பக்கம் சிவப்பு தவிர வேறு வெளிச்சம் காட்டக்கூடாது என்கிறது. வெள்ளைக்கு விலக்கு நம்பர் பிளேட்டுக்கும் ரிவர்ஸ் எடுக்கும்போதும்தான். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பின்னால் பைக்கில் வருகிறவன் கண் கூசி விழுந்தால் யார் பொறுப்பு? ரிவர்ஸ் கியர் விழுந்தால் மட்டும் எரிகிற மாதிரி கட்டிக் கொடுங்கள். ஓனர் கேட்டாலும் தனி சுவிட்ச் வைக்காதீர்கள்.