குறைந்த சம்பளத்தில் சென்னையில் வாடகை வீடு பிடிப்பது எப்படி? முதல்முறை தேடுபவர்களுக்கு

மாதம் 15,000, 20,000 சம்பளத்தில் சென்னையில் வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். வாடகை, கரண்ட், தண்ணீர், வேலைக்குப் போய் வரும் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் எவ்வளவு கையை விட்டுப் போகிறது, அதுதான் அந்த வீட்டின் விலை. டு-லெட் போர்டில் அது இருக்காது, நாமேதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

1. முதலில் கணக்கு

ஒரு தாளை எடுத்து, பார்க்கப்போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த நான்கையும் எழுதுங்கள். இதில் அதிகம் பேர் கோட்டை விடுவது கரண்ட்டில். தனி மீட்டர் இருக்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஒரே மீட்டரில் நாலைந்து போர்ஷன் ஓடும் வீட்டில் ஓனர் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்குவார். மாதம் 60 யூனிட் ஓட்டும் சின்னக் குடும்பம் என்று வையுங்கள். தனி மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட், அதில் காசு கட்டுவது வெறும் 20 யூனிட்டுக்கு. சப்-மீட்டரில் யூனிட் 10 ரூபாய் என்றால் மாதாமாதம் 600. ஆக, 6,000 ரூபாய் சப்-மீட்டர் வீட்டைவிட 6,500 ரூபாய் தனி மீட்டர் வீடு மலிவு.

2. எந்தப் பக்கம் தேடுவது

ஏரியா பெயரைப் பார்க்காமல் ரயில் பாதையைப் பாருங்கள். தூரப் பயணத்துக்கு மின்சார ரயில் சீசன் டிக்கெட்டைவிட மலிவானது இந்த ஊரில் கிடைப்பது அரிது. தாம்பரம் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, மேற்கே ஆவடி தாண்டி பட்டாபிராம், திருநின்றவூர், வடக்கே மீஞ்சூர், பொன்னேரி. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும், அது முக்கியம். ஷேர் ஆட்டோ ஏறி இறங்கினால் போகவர 40 ரூபாய், மாதம் ஆயிரத்தைத் தொட்டுவிடும். வீட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால் சாதாரணக் கட்டணப் பேருந்து அடிக்கடி வருகிற தெருவாகப் பாருங்கள், 2021 மே மாதத்திலிருந்து அவர்களுக்கு அதில் கட்டணம் இல்லை. கணக்கில் அது பெரிய தொகை.

3. தேடுவது

செயலிகளில் வருவது பெரும்பாலும் கொஞ்சம் வாடகை கூடிய வீடுகள். ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் போர்ஷன்கள் தெருவுக்குள்தான் கைமாறும். அயர்ன் கடைக்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி, தண்ணீர் கேன் போடும் தம்பி, இவர்களுக்கு எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்று போர்டு மாட்டும் முன்பே தெரியும். புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகை கமிஷன், அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி மாற்றுகிறவர்கள் எல்லாம் தேடுவதால் பேரம் நடக்காது. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக நம்மவர்கள் தயங்குவார்கள், வீடு காலியாகவே கிடக்கும், ஓனரும் இறங்கி வருவார். உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால் அதுதான் நல்ல சமயம்.

வீட்டைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்பர் ஆகிவிட்டது, டோக்கன் அட்வான்ஸ் ஜிபேயில் போடுங்கள், சாவி தருகிறேன்" என்று போன் வந்தால் அது மோசடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதி, மதம், "பேச்சிலர்", "சைவம் மட்டும்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. மனசு நோகும். அது உங்கள் குறை இல்லை. போனிலேயே விவரம் சொல்லிவிட்டுப் போனால் பஸ் காசாவது மிஞ்சும்.

4. வீட்டைப் பார்க்கும்போது

பகலில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை போங்கள். ஷீட் கூரை வீடு என்றால் மதியம் இரண்டு மணிக்குப் போய் உள்ளே பத்து நிமிஷம் நில்லுங்கள், சித்திரை வெயிலில் குழந்தையைத் தூங்க வைக்க முடியுமா என்று தெரிந்துவிடும்.

தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் சுவரைப் பாருங்கள். முட்டி உயரத்தில் பெயிண்ட் உப்பி, அதற்குக் கீழே வேறு நிறத்தில் புதுசாகப் பூசியிருக்கும். மீட்டர் பெட்டியைக் கழற்றி மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். தண்ணீர் உள்ளே வந்த வீடு அது. முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் 2015 டிசம்பரில் வந்தது நினைவிருக்கும், 2023 மிக்ஜாம் புயலிலும் தென்சென்னை மூழ்கியது. ஓனரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். தண்ணீர் போர்வெல்லா, மெட்ரோ வாட்டரா (குடிநீர் வாரியத் தண்ணீர்), மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள், கோடையில் லாரி வருமா, இதையும் அவரே சொல்லிவிடுவார்.

5. அட்வான்ஸும் ஒப்பந்தமும்

நம் போன்றவர்களுக்கு வாடகையைவிடப் பெரிய மலை அட்வான்ஸ்தான். வட்டிக்கு வாங்கிக் கட்டினால் அந்த வட்டியும் வாடகைதான், அதையும் முதல் தாளில் சேருங்கள்.

பத்து மாத அட்வான்ஸ் இந்த ஊர் வழக்கம் என்பார்கள். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் இரு தரப்பும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. அந்த "ஒத்துக்கொண்டால் தவிர" இருப்பதால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டுப் பயனில்லை, பேசத்தான் வேண்டும். ஓனர் ஐந்து மாதம் கேட்கிறார் என்றால், "சார், மூணு மாசம் இப்போ தர்றேன், மீதி ரெண்டு மாசத்தை ஆறு தவணையா வாடகையோட சேர்த்துத் தர்றேன்" என்று தெளிவாகக் கேளுங்கள். வீடு ரொம்ப நாள் காலியாகக் கிடந்தால் ஒத்துக்கொள்வார்கள்.

பணம் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ போகட்டும். கையில்தான் வேண்டும் என்றால் ரசீது கேளுங்கள். ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: அட்வான்ஸ் தொகை, கரண்ட் யூனிட் விலை, வாடகை எப்போது எவ்வளவு ஏறும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று அட்வான்ஸில் பிடிப்பார்களா இல்லையா. கடைசியில் தகராறு வருவது இந்தப் பெயிண்டிங்கில்தான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு இந்தச் சட்டப்படி அரசு வைத்திருக்கும் வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதும், தகராறு என்றாலும் தண்ணீரையோ கரண்ட்டையோ ஓனர் நிறுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

6. லீஸ் என்றால்

நாலைந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் வாடகையே இல்லை, காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்ப வரும் என்பது இழுக்கும். நகையை விற்றுக் கொடுக்கும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (வீட்டின் மீது அடமானம், விற்பனை போன்ற பதிவுகள்) பாருங்கள், பார்வையிடக் காசு இல்லை. வீட்டின் மீது வங்கிக் கடன் இருந்து, ஓனர் கட்டாமல் போனால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும், உங்கள் லட்சம் நடுத்தெருவில் நிற்கும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும்.

7. அரசு வழிகள்

குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்த வீடு இல்லை என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் (பழைய குடிசை மாற்று வாரியம்) வீட்டுக்கு நேராக விண்ணப்பியுங்கள். பயனாளி பங்குத்தொகை என்று நாம் கட்ட வேண்டியது உண்டு, காத்திருக்கவும் வேண்டும். "போர்டு வீடு வாங்கித் தர்றேன்" என்று காசு கேட்கும் ஆளை நம்பாதீர்கள். வாரியக் குடியிருப்புகளான கண்ணகி நகர், பெரும்பாக்கத்தில் ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து மலிவாக உள்வாடகைக்கு எடுப்பதும் ஆபத்து, வாரியம் ஒதுக்கீட்டை ரத்து செய்தால் நீங்களும் வெளியே வர வேண்டியதுதான். தனியாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் அரசின் தோழி விடுதிகளை முதலில் விசாரியுங்கள், அங்கே பத்து மாத அட்வான்ஸ் பிரச்சினை இல்லை.

8. சாவி வாங்கிய அன்று

பொருளை இறக்கும் முன் சுவர், தரை, குழாய், பாத்ரூம் கதவு, மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அப்புறம் ஒப்பந்த நகலை வைத்து ரேஷன் கார்டு முகவரியை மாற்றுங்கள். பழைய கடை தூரமாகிப் போனால் அரிசிக்கும் வெளியில் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.