கச்சா எண்ணெய் எந்தப் பாறையில் பிறந்தது? கண்டுபிடிக்கும் முறை

எண்ணெய் கிடைக்கும் இடமும் அது உருவான இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. கரிமப்பொருள் நிறைந்த மூலப்பாறை ஆழத்தில் புதைந்து சூடேறும்போது எண்ணெய் உருவாகிறது. அங்கிருந்து நகர்ந்து வேறொரு பாறையின் நுண்துளைகளில் தேங்குகிறது. ஆனாலும் தன்னை உருவாக்கிய உயிர்களின் மூலக்கூறுகளை அது சுமந்தே வருகிறது. 1930களில் ஆல்ஃபிரட் ட்ரைப்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கச்சா எண்ணெயில் பச்சையத்தின் எச்சங்களான போர்ஃபிரின்களைக் கண்டறிந்தார். இந்தத் துறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

படி 1: மாதிரி. கண்ணாடிப் புட்டியில் எடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். கிணறு துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேறாக எண்ணெய் கலந்த சேற்றைப் பயன்படுத்தினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது கலந்துவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் வீண்.

படி 2: பிரித்தல். ஹெக்சேன் என்ற கரைப்பானைச் சேர்த்தால் அஸ்ஃபால்ட்டீன் (எண்ணெயின் மிகக் கனமான, தார் போன்ற பகுதி) வீழ்படிவாகும். அதை வடிகட்டிவிட்டு, மீதியை சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாய் வழியே செலுத்தி நிறைவுற்றவை (கார்பன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் உள்ளவை), அரோமாட்டிக் (பென்சீன் வளையம் உள்ளவை), பிசின் என்று பிரிக்க வேண்டும்.

படி 3: வாயு நிறப்பகுப்பு. கலவையை ஆவியாக்கி, மூலக்கூறுகளைத் தனித்தனியே பிரித்து வரைபடமாகக் காட்டும் முறை இது. நிறைவுற்ற பகுதியை இதில் ஓட்டினால் வரைபடத்தில் வரிசையாக முகடுகள் கிடைக்கும். 27, 29, 31 என்று ஒற்றைப்படைக் கார்பன் சங்கிலிகள் தூக்கலாக இருந்தால் நிலத்தாவர மெழுகு என்று சந்தேகிக்கலாம். அப்புறம் பிரிஸ்டேன், பைட்டேன் என்ற கிளைத்த சங்கிலி கொண்ட இரண்டு ஹைட்ரோகார்பன்களையும் பாருங்கள். இரண்டுமே பெரும்பாலும் பச்சையத்தின் வால்பகுதியிலிருந்து வருபவை. வண்டல் படிந்த இடத்தில் ஆக்சிஜன் இருந்தால் பிரிஸ்டேன் கூடும், இல்லாவிட்டால் பைட்டேன் கூடும். பிரிஸ்டேனைப் பைட்டேனால் வகுத்த விகிதம் 1க்குக் கீழே என்றால் ஆக்சிஜன் அற்ற சூழல். 3க்கு மேலே என்றால் நிலத்தாவரங்கள் சேர்ந்த, ஆக்சிஜன் உள்ள சூழல். இடைப்பட்ட எண்களை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எண்ணெய் முதிர முதிர, அதாவது அது கண்ட வெப்பம் கூடக் கூட, அந்த விகிதமே மாறும்.

முகடுகள் மறைந்து, அடியில் ஒரு மேடு மட்டும் தெரிகிறதா? எண்ணெயைப் பாக்டீரியா தின்றிருக்கிறது. நேர்ச்சங்கிலிகள்தான் முதலில் போகும். ஸ்டெரேன், ஹோப்பேன் போன்ற வளைய வடிவ மூலக்கூறுகள் நெடுநாள் தாங்கும்.

படி 4: நிறைமாலை. மூலக்கூறுகளை மின்னூட்டம் பெற்ற துண்டுகளாக (அயனிகளாக) உடைத்து, நிறை வாரியாகக் காட்டும் முறை இது. ஹோப்பேன்களை 191 என்ற நிறையுள்ள அயனியிலும், ஸ்டெரேன்களை 217லும் தேடுவது வழக்கம். ஹோப்பேன் பாக்டீரியாவின் தடயம். ஸ்டெரேன்களில் 27 கார்பன் உள்ளவை பாசிகளையும், 29 கார்பன் உள்ளவை பெரும்பாலும் நிலத்தாவரங்களையும் காட்டும். பழைய பாறைகளில் பச்சைப் பாசிகளும் 29ஐத் தரும் என்பதால் அவசரம் வேண்டாம். பூக்கும் தாவரங்களிலிருந்து வரும் ஒலியானேன் என்ற மூலக்கூறு கணிசமாக இருந்தால், அந்தத் தாவரங்கள் பெருகிய பிந்தைய கிரெட்டேசியஸ் காலமோ (சுமார் 10 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) அதற்குப் பின்னரோ படிந்த பாறையைத் தேடலாம். காமாசெரேன் என்ற மூலக்கூறு மிகுந்தால், பாறை படிந்தது நீர் அடுக்கடுக்காகப் பிரிந்த, பெரும்பாலும் உப்பு மிகுந்த நீர்நிலையில்.

படி 5: ஒப்பீடு. சந்தேகப்படும் பாறையைப் பொடித்து, கரைப்பானில் சாறு எடுத்து, அதே சோதனைகளைச் செய்யுங்கள். கார்பன் ஐசோடோப்பு அளவையும் (கார்பன்-13க்கும் கார்பன்-12க்கும் உள்ள விகிதம்) சேர்த்துக்கொள்ளுங்கள். முதிர்ச்சி ஒத்த இரண்டு மாதிரிகளுக்கிடையே இந்த விகிதத்தில் ஆயிரத்தில் 2, 3 பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால் மூலம் வேறு என்று கொள்ளலாம். பொருந்தாமை தரும் உறுதியைப் பொருத்தம் தராது. ஒரே வகைச் சூழலில் படிந்த இரண்டு பாறைகள் ஒரே முகத்தைக் காட்டக்கூடும். எனவே பாறை போதிய வெப்பம் கண்டதா, அங்கிருந்து எண்ணெய் வந்து சேரப் பாதை உண்டா என்று நிலவியல் படத்தையும் விரித்துப் பாருங்கள். இரண்டு பாறைகளின் எண்ணெய் கலந்திருந்தால், எதனோடும் முழுசாகப் பொருந்தாமல் நடுவில் நிற்கும். அப்போது அதே படுகையின் (வண்டல் நிறைந்த நிலப்பள்ளத்தின்) மற்றக் கிணறுகளிலிருந்தும் மாதிரி கேட்டு வாங்க வேண்டியதுதான்.