சிட்னியில் கரையிலிருந்து தூண்டில்: பக்கத்து ஆற்றை விடுங்கள், கடலுக்குப் போங்கள்

வெஸ்ட்மீட், டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் குடியேறுபவர்கள் தூண்டில் வாங்கியதும் முதலில் போவது பரமட்டா ஆற்றுக்குத்தான். வீட்டுக்குப் பக்கம். மெடோபேங்க், கபரிட்டா கரைகளில் ஏற்கெனவே நாலு பேர் தூண்டில் போட்டுக்கொண்டும் இருப்பார்கள். நாலு பேர் போடுகிற இடத்தில் மீன் இருக்கும், இருந்தால் குழம்புக்கு ஆகும் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே அந்தக் கணக்கில் பின்பாதி செல்லாது.

சிட்னி துறைமுகப் பாலத்துக்கு மேற்கே (இந்த ஆறும் அந்தப் பக்கம்தான்) பிடித்த எதையும் சாப்பிட வேண்டாம் என்பது நியூ சவுத் வேல்ஸ் அரசின் அறிவுரை. ஹோம்புஷ் விரிகுடாவை ஒட்டி ஒரு காலத்தில் இயங்கிய ரசாயன ஆலைகளின் டையாக்சின் அடிச்சேற்றில் தங்கிவிட்டது. சேற்றில் மேயும் புழு, அதைத் தின்னும் மீன் என்று ஏறி, மீனின் கொழுப்பில் சேர்கிறது. கழுவினாலும் போகாது, மஞ்சள் தடவி முறுகப் பொரித்தாலும் போகாது. துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பை 2006இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் பொழுதுபோக்குக்குப் பிடித்துத் திரும்ப விடலாம். ஆளை ஏமாற்றுவது இதுதான்: பக்கத்தில் நிற்பவர் சட்டப்படிதான் நிற்கிறார், அவர் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகிறாரா என்பதை யாரும் கவனிப்பதில்லை. எச்சரிக்கைப் பலகைகள் உண்டுதான். ஐஸ் பெட்டியும் கையுமாக வருகிறவர் எங்கே படிக்கிறார்!

பாலத்துக்குக் கிழக்கே பிடித்ததற்கும் பொதுவாக மாதம் 150 கிராம்தான் வரம்பு, அதாவது ஒரு ஆளுக்கு ஒரு வேளை. மீன் வகைக்கு ஏற்ப அளவு மாறும். பட்டியல் மீன்வளத் துறைத் தளத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் பிடிக்கிறீர்கள் என்றால் பெட்ரோலைப் பார்க்காமல் திறந்த கடற்கரைக்குப் போங்கள்.

தூண்டில் போட அரசுக்குக் கட்ட வேண்டிய மீன்பிடிக் கட்டணம் ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை: மூன்று நாளுக்கு 7 டாலர், ஒரு மாதத்துக்கு 14, ஆண்டுக்கு 35. பதினெட்டு வயதுக்குக் கீழே தேவையில்லை. ரசீது கையோடு இருக்க வேண்டும்.

வடக்குக் கடற்கரையில் நாரபீன் நல்ல தொடக்கம். அங்கே டெய்லர், ஆஸ்திரேலியன் சாமன் என்ற மீன்கள் இரண்டும் கரைக்கு வரும். குளிர்காலத்தை ஒட்டிய மாதங்கள் நல்லவை. ஆனால் 'நாரபீன்' என்பது இடமல்ல, அந்த நீளக் கரையில் மீன் வரும் பள்ளம்தான் இடம். பகலில், கடல் நீர் வற்றத்தின்போது மணல்மேட்டில் ஏறிப் பாருங்கள். அலை வெள்ளையாக உடைகிற இடம் மணல் திட்டு. கரைக்கும் திட்டுக்கும் நடுவே உடையாமல் கரும்பச்சையாகக் கிடப்பது பள்ளம். திட்டு எங்கே அறுந்து பள்ளம் கடலோடு சேர்கிறதோ அதுதான் மீன் உள்ளே வரும் வாசல். எதிரே இருக்கும் வீட்டையோ கோபுரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, நீர் ஏற்றமும் அந்தி நேரமும் சேரும் நாளில் திரும்பி வாருங்கள். பெரிய அலை அடித்து ஓய்ந்தால் பள்ளம் இடம் மாறும். போன மாத அடையாளத்தை நம்பாதீர்கள்.

புதியவர் எல்லாரும் செய்வது, பன்னிரண்டடிக் கோலை முழு பலத்தோடு வீசித் திட்டுக்கு அப்பால் இரையைப் போடுவது. பல நாள் மீன் முப்பது மீட்டருக்குள் உங்கள் முன்னாலேயே சுற்றும். 4/0 அளவுத் தூண்டில் முள் மூன்றைக் கோத்து, முழு மத்தியை வால் பக்கம் கடைசியில் வருமாறு நேராக ஏற்றுங்கள். வளைந்திருந்தால் இழுக்கும்போது சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். டெய்லரின் பல் கத்திரிபோல. ஒற்றை முள்ளென்றால் முனை நரம்பையே அறுத்துக்கொண்டு போகும். ஈயம் இரை நகராமல் நிற்கும் அளவுக்குப் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

கிங்ஃபிஷ் ஆசையில் பாறைக்குப் போகிறவர்கள்: ராண்ட்விக், வடக்குக் கடற்கரை போன்ற அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உயிர்காப்புச் சட்டை கட்டாயம். இறங்கும் முன் அரை மணி நேரம் மேலிருந்தே பாருங்கள். அலை அமைதியாகத்தான் வரும், பிறகு மூன்று நான்கு பெரிதாகச் சேர்ந்து வரும். பாறை ஈரமாக இருந்தால் அங்கே அலை ஏறியிருக்கிறது என்று பொருள். காய்ந்த இடத்துக்குக் கீழே கால் வைக்காதீர்கள். தனியாகப் போகவே போகாதீர்கள்.

நம் ஊரில் பொடி மீனுக்குத்தான் ருசி. இங்கே டெய்லர் 30 செ.மீ., பிரீம் 25, கிங்ஃபிஷ் 65, ஜூஃபிஷ் 70. அதற்குக் குறைந்தால் உயிரோடு தண்ணீரில் விட வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்க வேண்டும் என்பதால், கரையில் தலை வெட்டித் துண்டு போடாதீர்கள். செவுளும் குடலும் எடுக்கலாம். டெய்லரை உடனே செவுளில் கீறி இரத்தம் வடியவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டிக்குள் போடுங்கள். மணலில் கிடந்து சூடேறினால் சதை குழைந்து, புட்டுக்கு உதிர்க்கத்தான் ஆகும், பொரிக்க ஆகாது.